நட்சத்திரத்தை விட்டுவிடுவார்களா? பனி ஹாக்கி ரசிகர்களின் ‘டிரேடு’ ஆரூடத்துக்கு ஓர் அரிச்சுவடி

டொராண்டோ பக்கம் சொந்தக்காரர்கள் உள்ளவர்களுக்கு இது பழகிய காட்சியாக இருக்கும். ஸ்கார்பரோவில் அக்கா வீடு. மேசையில் இடியப்பமும் சொதியும் ஆறிக்கொண்டிருக்கும். அங்கேயே பிறந்து வளர்ந்த மருமகன் கைபேசியிலிருந்து தலையைத் தூக்கி, “மாமா, மார்னர் போகப்போறான். சும்மா போகப்போறான். எங்களுக்கு ஒண்டும் கிடைக்காது” என்பான். சொல்லும்போது அவன் முகம், நிச்சயித்த கல்யாணம் நின்றுபோன வீட்டுக்காரர் முகம் மாதிரி இருக்கும்.

யார் மார்னர்? எங்கே போகிறான்? ‘சும்மா’ போனால் இவனுக்கு என்ன நஷ்டம்? இந்தக் கேள்விகளுக்கு விடை தெரியாமல் தலையாட்டியவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

நமக்கு ஹாக்கி என்றால் புல்தரை, வளைந்த மட்டை, தயான் சந்த். வட அமெரிக்காவில் அந்தச் சொல்லுக்குப் பனிக்கட்டித் தளம், சறுக்குக் காலணி, தட்டையான கறுப்பு ரப்பர் ‘பக்’. பக்கத்துக்கு ஆறு பேர். அதன் உச்சம் என்.எச்.எல். என்ற லீக். 32 அணிகள்; அதில் ஏழு கனடாவில். அக்டோபர் வாக்கில் தொடங்கி ஏப்ரலில் முடியும் பருவத்தில் (2025–26 வரை) ஒவ்வோர் அணிக்கும் 82 ஆட்டங்கள், அப்புறம் பிளேஆஃப், ஜூனில் ஸ்டான்லி கோப்பை. ஆட்ட விதிகள் இவ்வளவு போதும். ரசிகர்கள் பாதி நேரம் பேசுவது ஆட்டத்தைப் பற்றியே இல்லை. ‘நம்ம நட்சத்திரத்தை விட்டுவிடுவார்களா’ என்பதைப் பற்றித்தான்.

டிரேடு என்பது பண்டமாற்று. ஐரோப்பிய கால்பந்தில் ஒரு கிளப் காசைக் கொடுத்து ஆளை வாங்கும். இங்கே ஆளுக்கு ஆள், அல்லது ஆளுக்குப் பதில் வருங்காலத்தில் இளைஞர்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமை. மாறுவது ஒப்பந்தம்தான், ஒப்பந்தம் போகும் ஊருக்கு ஆளும் போக வேண்டும். 2025 நவம்பரில் சென்னை சூப்பர் கிங்ஸ் ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்து சஞ்சு சாம்சனை வாங்கியபோது நம்மூரில் எழுந்த புலம்பல் நினைவிருக்கிறதா? கிட்டத்தட்ட அதுதான். ஒரு வித்தியாசம்: ஐ.பி.எல்.லில் ஆட்டக்காரரின் சம்மதம் வேண்டும். என்.எச்.எல்.லில் ஒப்பந்தத்தில் தனியாக எழுதி வாங்காத வரை யாரும் கேட்க மாட்டார்கள். காலையில் எழுந்தால் வேறு ஊர்.

இந்த அச்சத்துக்கு ஒரு பிறந்தநாள் உண்டு: 1988 ஆகஸ்ட் 9. அன்றுதான் எட்மண்டன் ஆயிலர்ஸ் அணி வேன் கிரெட்ஸ்கியை லாஸ் ஏஞ்சலீஸ் கிங்ஸுக்குக் கொடுத்தது. அவருக்கு 27 வயது. இந்த விளையாட்டு கண்ட மிகப் பெரிய ஆட்டக்காரர் என்று அப்போதே பெயர். மூன்று மாதத்துக்கு முன்புதான் எட்மண்டனுக்கு நான்காவது கோப்பையை வென்று கொடுத்திருந்தார். அவரோடு இன்னும் இருவர் போனார்கள். பதிலுக்கு வந்தவை: ஜிம்மி கார்சன், மார்ட்டின் ஜெலினா என்ற இரண்டு இளைஞர்கள், மூன்று முதல் சுற்றுத் தேர்வு உரிமைகள், ஒன்றரைக் கோடி டாலர் ரொக்கம். நிருபர்கள் முன் கிரெட்ஸ்கி அழுதார். நெல்சன் ரீஸ் என்ற நாடாளுமன்ற உறுப்பினர், கனடா அரசே தலையிட்டு இதைத் தடுக்க வேண்டும் என்று கேட்டார். உரிமையாளர் பீட்டர் பாக்ளிங்டனை எட்மண்டன் மன்னிக்கவில்லை. கிரெட்ஸ்கியையே கொடுத்தார்கள் என்றால் யாரைத்தான் கொடுக்க மாட்டார்கள் என்ற நினைப்பு அன்றிலிருந்து ஒவ்வொரு ரசிகர் மனதிலும் உட்கார்ந்துவிட்டது. (வேடிக்கை என்னவென்றால், அவர் இல்லாத எட்மண்டன் 1990இல் மறுபடி கோப்பையை வென்றது. அவர் அதன் பிறகு ஒன்றுகூட வெல்லவில்லை.)

ஆனால் 1988இல் நடந்தது உரிமையாளரின் பணத்தேவை. இன்றைய ஆரூடம் அப்படியில்லை. அதற்கு ஒரு பஞ்சாங்கம் இருக்கிறது. அதைப் படிக்கத் தெரிந்தவருக்கு ஒரே ஒரு கேள்விதான்: இன்றைய தேதியில் யார் குடுமி யார் கையில்?

சம்பள உச்சவரம்பு என்ற கூரை

2004–05 பருவம் முழுவதும் ஒரு ஆட்டம்கூட நடக்கவில்லை. உரிமையாளர்களுக்கும் ஆட்டக்காரர் சங்கத்துக்கும் சம்பளத் தகராறு. முடிவில் வந்தது ‘கேப்’: ஓர் அணி தன் ஆட்டக்காரர்கள் அனைவருக்கும் சேர்த்து இவ்வளவுக்கு மேல் கொடுக்கக் கூடாது என்ற கூரை. முதல் ஆண்டில் 3.9 கோடி டாலர். 2025–26இல் 9.55 கோடி. உரிமையாளர் எவ்வளவு பெரிய பணக்காரராக இருந்தாலும் கூரை ஒன்றுதான்.

கணக்கில் ஏறுவது ஒப்பந்தத்தின் ஆண்டுச் சராசரி. எட்டு ஆண்டுக்கு 9.6 கோடி என்றால் ஆண்டுக்கு 1.2 கோடி. அணியில் 23 பேர் வரை இருக்கலாம். ஒருவரே மொத்தத்தில் எட்டில் ஒரு பங்கைத் தின்றுவிட்டால் மீதி 22 பேரை எதை வைத்துக் கட்டுவது? அதனால் ‘இவர் நல்ல ஆட்டக்காரரா’ என்று ஹாக்கி ரசிகர் நிறுத்திக்கொள்வதில்லை. ‘இந்தக் காசுக்கு நல்ல ஆட்டக்காரரா’ என்பார். சந்தையில் கத்திரிக்காய் வாங்குபவர் மாதிரி.

கூரை ஒன்றாக இருந்தாலும் வீடு ஒன்றல்ல. ஃபுளோரிடா, டெக்ஸாஸ், நெவாடா, டென்னஸி போன்ற மாநிலங்களில் மாநில வருமான வரி கிடையாது. அதே 1.2 கோடி, டொராண்டோவிலும் மான்ட்ரியாலிலும் கையில் வரும்போது நன்றாக இளைத்துவிடும். கனடா ரசிகரிடம் இதைத் தொட்டால் இரவு பன்னிரண்டு மணி வரை விடமாட்டார். 1993இல் மான்ட்ரியால் வென்றது. அதன் பிறகு 2025 வரை எந்தக் கனடிய அணியும் கோப்பையைத் தொடவில்லை. அந்த வயிற்றெரிச்சலுக்கு வரி ஒரு வசதியான காரணம். முழுக் காரணம் என்று நான் நம்பவில்லை; மோசமான நிர்வாகத்துக்கு வரி விலக்கு எந்த மாநிலத்திலும் இல்லை.

குடுமி கை மாறும் வயது

பதினெட்டு வயதில் ‘டிராஃப்ட்’ என்ற ஆண்டுத் தேர்வில் ஓர் அணி இளைஞரின் உரிமையை எடுத்துக்கொள்கிறது. அவர் எந்த ஊருக்குப் போவார் என்பதில் அவருக்குப் பேச்சே இல்லை. முதல் ஒப்பந்தம், பெரும்பாலும் மூன்று ஆண்டு, சம்பளத்துக்குக் கடும் வரம்பு. அது முடிந்தாலும் முழு விடுதலை கிடையாது. அவர் ‘கட்டுப்பட்ட ஃப்ரீ ஏஜென்ட்’. வேறோர் அணி அவரைக் கேட்கலாம். ஆனால் பழைய அணி அதே தொகையைக் கொடுத்து வைத்துக்கொள்ளும், இல்லையென்றால் ஈடாகத் தேர்வு உரிமைகளை வாங்கிக்கொள்ளும். இதுவரை குடுமி அணியின் கையில்.

27 வயதாக வேண்டும், அல்லது ஏழு பருவம் ஆடியிருக்க வேண்டும். அதற்குப் பிறகு ஒப்பந்தம் முடிந்தால் ஜூலை 1 அன்று அவர் சுதந்திர மனிதர். எங்கு வேண்டுமானாலும் போகலாம். பழைய அணிக்குக் கிடைப்பது பூஜ்யம். மருமகன் சொன்ன ‘சும்மா’ என்பதன் பொருள் இதுதான்.

கேல்கரி ஃபிளேம்ஸுக்கு 2022இல் நடந்ததைப் பாருங்கள். அந்தப் பருவத்தில் அணிகளின் அட்டவணையில் 111 புள்ளிகள், நல்ல அணி. அதன் நட்சத்திரம் ஜானி கௌட்ரோவுக்கு ஒப்பந்தம் முடிகிற ஆண்டு. வெல்லும் அணியிலிருந்து ஆளைக் கொடுப்பார்களா? வைத்துக்கொண்டார்கள். அந்த ஆண்டு சந்தை ஜூலை 13இல் திறந்தது. அன்றே அவர் கொலம்பஸுக்குப் போய்விட்டார். கேல்கரிக்கு ஒன்றுமில்லை. இன்னொரு நட்சத்திரம் மாத்யூ கச்சக். அவர் இன்னும் கட்டுப்பட்டவர்தான். ஆனால் நீண்ட ஒப்பந்தத்தில் கையெழுத்திட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். சூடு கண்ட பூனை. ஒன்பதே நாளில், ஜூலை 22 அன்று, கேல்கரி அவரை ஃபுளோரிடாவுக்குக் கொடுத்து ஜொனத்தன் யூபர்டோ, மெக்கன்ஸி வீகர், ஓர் இளைஞர், ஒரு முதல் சுற்று உரிமை ஆகியவற்றை வாங்கியது.

அன்று எல்லோரும் கேல்கரியைப் பாராட்டினார்கள். நெருக்கடியில் இவ்வளவு வாங்கினார்களே என்று. யூபர்டோ அதற்கு முந்தைய பருவத்தில் 115 புள்ளி எடுத்தவர் (இங்கே புள்ளி என்பது கோலும் கோலுக்கு உதவியதும் சேர்ந்த கணக்கு). கேல்கரியில் முதல் ஆண்டில் எடுத்தது 55. அதற்குள் அவருக்கு எட்டு ஆண்டு, ஆண்டுக்கு 1.05 கோடி டாலர் என்று எழுதிக்கொடுத்திருந்தார்கள். கச்சக்கோ ஃபுளோரிடாவை 2023, 2024, 2025 என மூன்று இறுதிச் சுற்றுகளுக்குக் கொண்டுபோனவர்களில் முதன்மையானவர். கடைசி இரண்டில் கோப்பை. டிரேடு நடந்த மாலையில் ‘யார் ஜெயித்தார்கள்’ என்று தீர்ப்பெழுதுபவர்களை நம்பக் கூடாது என்று எனக்குக் கற்றுக்கொடுத்தது இந்தக் கதைதான்.

ஆரூடம் எப்படிப் பிறக்கிறது: ஹியூஸ் கதை

ஒரு வதந்தி பிறந்து வளர்ந்து முடிவதை முழுதாகப் பார்க்க வேண்டுமென்றால் வான்கூவர் கனக்ஸ் அணியின் க்வின் ஹியூஸை விடச் சிறந்த பாடம் கிடையாது.

தற்காப்பு ஆட்டக்காரர். 2018இல் ஏழாவது ஆளாகத் தேர்வானவர். 2023இல் அணித் தலைவர். அந்தப் பருவத்தில் 92 புள்ளி. சிறந்த தற்காப்பு ஆட்டக்காரருக்கான நாரிஸ் கோப்பை. ஆண்டுக்கு 78.5 லட்சம் டாலர்தான் சம்பளம். அந்தத் தரத்துக்கு அது மலிவு. ஒப்பந்தம் முடிவது 2027 கோடையில். புதுப்பித்துக் கையெழுத்திட அனுமதி உள்ள முதல் நாள் 2026 ஜூலை 1.

இப்போது குடும்ப விவரம். தம்பிகள் ஜாக், லூக் இருவரும் நியூ ஜெர்சி டெவில்ஸில் ஆடுகிறார்கள். மூன்று அண்ணன் தம்பிகளும் ஒரே அணியில் ஆடினால் எப்படி இருக்கும் என்று ரசிகர்கள் ஆசையோடு பேசிக்கொண்டிருந்தார்கள். அதுவரை அது ஆசைதான். 2025 வசந்தத்தில், பருவம் முடிந்து நிருபர்களைச் சந்தித்த கனக்ஸ் நிர்வாகத் தலைவர் ஜிம் ரதர்ஃபோர்டே, தம்பிகளோடு ஆட வேண்டும் என்று ஹியூஸ் சொல்லியிருப்பதாகப் போட்டு உடைத்தார். அதோடு கதை மாறிவிட்டது. நிர்வாகத் தலைவரே வாயைத் திறந்தால் அது வதந்தி இல்லை, முன்னறிவிப்பு.

அடுத்த பருவம் கனக்ஸ் சறுக்கிக்கொண்டே போய் அட்டவணையின் அடிமட்டத்துக்கு வந்தது. ரசிகர்கள் பஞ்சாங்கத்தை விரித்தார்கள். 2026 ஜூலையில் கையெழுத்திட மறுத்தால் கையில் ஓர் ஆண்டுதான் மிச்சம். வாங்குபவர்கள் விலையைக் குறைப்பார்கள். இப்போதே கொடுத்தால் வாங்கும் அணிக்கு இரண்டு பிளேஆஃப் கிடைக்கும், விலை ஏறும். அப்படியானால் இப்போதே. எங்கே? நியூ ஜெர்சிக்குத்தான், வேறெங்கே?

2025 டிசம்பர் 12 அன்று செய்தி வந்தது. ஹியூஸ் போனார். மினசோட்டா வைல்டுக்கு.

தேதியைச் சரியாகக் கணித்தவர்கள் ஊரைத் தவறவிட்டார்கள். ஏன்? ‘இவர் எங்கே போக ஆசைப்படுகிறார்’ என்று பார்த்தவர்கள், ‘யாரிடம் கொடுப்பதற்குச் சரக்கு இருக்கிறது’ என்று பார்க்கவில்லை. வான்கூவருக்குக் கிடைத்தவை: மார்கோ ராஸி, லியாம் ஓக்ரென், ஸீவ் பூயம் என்ற மூன்று இளைஞர்கள், கூடவே 2026இன் முதல் சுற்று உரிமை. மூவருமே மினசோட்டா தன் முதல் சுற்றில் எடுத்த பிள்ளைகள். 2020, 2022, 2024. நாலு முதல் சுற்றுக்குச் சமமான தட்டு. ஓர் அணி ஐந்தாறு ஆண்டாக வளர்த்த தோட்டத்தை ஒரே கூடையில் பறித்துக் கொடுத்தது. ஹியூஸுக்கோ ஒப்பந்தம் இன்னும் 2027 வரை ஓடுகிறது. 2026 கோடையில் மினசோட்டாவில் கையெழுத்திடுவாரா, 2027 கோடையில் தம்பிகளிடம் போவாரா என்று ஆரூடம் இடம் மாறியது. வான்கூவரில் விளக்கு அணைந்தது, மினசோட்டாவில் ஏற்றினார்கள்.

‘மாட்டேன்’ என்று சொல்லும் உரிமை

முழு விடுதலைக்குத் தகுதியான வயது வந்த பிறகு, ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதி வாங்கலாம்: என் சம்மதமில்லாமல் என்னை நகர்த்தக் கூடாது. இதைத்தான் ரசிகர்கள் ‘நோ-மூவ்’ என்கிறார்கள். இதற்குக் கொஞ்சம் மெலிந்த தம்பி ‘நோ-டிரேடு’. அதிலும் சிலருக்குப் பாதிப் பாதுகாப்புதான், ‘இந்தப் பத்து அணிகளுக்குப் போக மாட்டேன்’ என்று பட்டியல் கொடுக்கும் அளவில்.

இந்த வரி எப்போது உயிர் பெறுகிறது என்பதுதான் சங்கதி. மான்ட்ரியாலின் செல்லப்பிள்ளை பி.கே. சுபான். அங்குள்ள குழந்தைகள் மருத்துவமனைக்கு ஒரு கோடி டாலர் திரட்டித் தருவதாக 2015இல் உறுதி சொன்னவர். அவருடைய எட்டு ஆண்டு ஒப்பந்தத்தில் ‘நோ-மூவ்’ வரி 2016 ஜூலை 1 முதல் செல்லுபடியாகும். ஜூன் 29 அன்று அவரை நாஷ்விலுக்குக் கொடுத்து ஷே வெபரை வாங்கினார்கள். கதவு பூட்டிக்கொள்வதற்கு இரண்டு நாள் முன்பு. ‘அணி அவரை விரும்பவில்லையா, பயிற்சியாளரோடு சண்டையா’ என்று பல மாதம் பேசினார்கள். நாள்காட்டியை மட்டும் பார்த்திருந்தாலே, கொடுப்பதாக இருந்தால் அந்த வாரத்தில்தான் கொடுப்பார்கள் என்று சொல்லியிருக்கலாம்.

கதவு பூட்டிய பிறகு என்ன ஆகும் என்பதற்குத்தான் மார்னர். மிட்ச் மார்னர், டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸ், உள்ளூர்ப் பிள்ளை. 2025 கோடையில் ஒப்பந்தம் முடிகிறது. முழு ‘நோ-மூவ்’ கையில். அந்த மார்ச்சில் அவரைக் கேரோலைனாவுக்குக் கொடுத்து மிக்கோ ரான்ட்டனெனை வாங்க லீஃப்ஸ் அவரிடம் சம்மதம் கேட்டதாகவும், அவர் மறுத்துவிட்டதாகவும் செய்திகள் வந்தன. ரசிகர்கள் கொதித்தார்கள். அவர் என்ன தப்பு செய்தார்? எழுதி வாங்கிய உரிமையை ஒருவர் பயன்படுத்தினால் துரோகமா? கொதிக்க வேண்டியது அந்த வரியை எழுதிக்கொடுத்தவர்கள் மேல்.

கடைசியில் முழுக்க ‘சும்மா’ போகவில்லை. அன்றைய விதிப்படி சொந்த அணி எட்டு ஆண்டு ஒப்பந்தம் தரலாம், வெளி அணி ஏழுதான். அந்தக் கூடுதல் ஓர் ஆண்டுக்காக, மார்னர் டொராண்டோவில் எட்டு ஆண்டுக்குக் கையெழுத்திட்டு, அதே கையோடு, 2025 ஜூன் 30 அன்று, வேகஸுக்கு டிரேடு ஆனார். ஆண்டுக்கு 1.2 கோடி. டொராண்டோவுக்கு நிக்கோலா ருவா என்ற ஒரு நடுத்தர ஆட்டக்காரர். வீட்டைக் காலி செய்பவர் வாசலில் விட்டுப்போன மேசை மாதிரி. மருமகனுக்கு அது ஆறுதலாக இல்லை.

பஞ்சாங்கத்தின் மற்ற நல்ல நாள்கள்

மார்ச் தொடக்கத்தில் ‘டிரேடு கெடு’. அதற்குப் பிறகு வாங்கும் ஆள் அந்தப் பருவத்தில் ஆட முடியாது. அன்று கனடாவில் விளையாட்டுத் தொலைக்காட்சிகள் காலையிலிருந்து நேரலை ஓட்டும். தேர்தல் முடிவு நாள் போல மேசை போட்டு உட்கார்ந்திருப்பார்கள், மணிக்கணக்கில் எதுவும் நடக்காது. ஜூன் கடைசியில் டிராஃப்ட். ஜூலை 1 சந்தைத் திறப்பு. டிசம்பரில் கிறிஸ்துமஸையொட்டிச் சில நாள் டிரேடுக்கே தடை. அதற்கு முன் ஒரு பரபரப்பு. இந்த நாள்களை ஒட்டி வதந்தி பெருகுவதும் ஆகஸ்டில் வற்றுவதும் இயற்கை. கிரெட்ஸ்கி போனது ஆகஸ்டில் என்பதால் அந்த மாதத்திலும் சிலர் நிம்மதியாக இருப்பதில்லை.

கெடு நாளில் ஓர் அணிக்கு ‘ரென்டல்’ ஆசை வரும்: ஒப்பந்தம் முடியப்போகும் நட்சத்திரத்தை மூன்று மாத வாடகைக்கு எடுப்பது. அவர் சம்பளம் கூரைக்குள் அடங்கவில்லையென்றால், கொடுக்கும் அணி பாதி வரை தன் கணக்கில் வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் மூன்றாவது அணி ஒன்று நடுவில் நின்று பாரம் தாங்கலாம், கூலிக்கு. 2025 ஜனவரி 24 அன்று கொலராடோ ரான்ட்டனெனைக் கேரோலைனாவுக்குக் கொடுத்தபோது சிகாகோ அப்படித்தான் அவர் சம்பளத்தில் பாதியைச் சுமந்தது. கூலி ஒரு மூன்றாம் சுற்று உரிமை. கேரோலைனாவில் ரான்ட்டனென் நீண்ட ஒப்பந்தத்துக்கு இசையவில்லை. 42 நாள் கழித்து, கெடு நாளான மார்ச் 7 அன்று, கேரோலைனா அவரை டாலஸுக்குக் கைமாற்றி லோகன் ஸ்டான்கோவனையும் இரண்டு முதல் சுற்று உரிமைகளையும் வாங்கியது. டாலஸில் எட்டு ஆண்டுக்குக் கையெழுத்திட்டார்.

இதற்கு ஒரு பின்கதை. பிளேஆஃபின் முதல் சுற்றிலேயே டாலஸும் கொலராடோவும் மோதின. ஏழாவது, கடைசி ஆட்டம். மூன்றாம் பகுதியில் டாலஸ் பின்தங்கியிருந்தது. ரான்ட்டனென் அந்த ஒரே பகுதியில் மூன்று கோல் அடித்துத் தன் பழைய அணியை வீட்டுக்கு அனுப்பினார். கொலராடோ ரசிகர்கள் அன்று இரவு என்ன பேசியிருப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. இந்த ஆட்டம் மனதில் இருப்பதால்தான், நட்சத்திரத்தைக் கொடுப்பதென்றால் இறுதிச் சுற்று வரை நம்மோடு மோதாத, லீக்கின் மறு பாதிக்குக் கொடுங்கள் என்று ரசிகர்கள் மன்றாடுகிறார்கள்.

சொல்பவர் யார், சொல்ல வைத்தவர் யார்

எலியட் ஃப்ரீட்மன், பியர் லெப்ரன் போன்ற செய்தியாளர்களின் ஒரு வாக்கியத்தை ரசிகர்கள் வேத வாக்கியம் போல் பிரித்துப் பொருள் சொல்வார்கள். அவர்கள் பொறுப்பானவர்கள்தான். ஆனால் அவர்களிடம் பேசுபவர்கள் சும்மா பேசுவதில்லை. ஏஜென்ட் பேசினால், அணிக்கு அழுத்தம் கொடுக்க. அணியின் பொது மேலாளர் பேசினால், பத்து அணிகளுக்கு ‘கடை திறந்திருக்கிறது’ என்று காதில் போட. வாங்க நினைக்கும் அணிகூடப் பேசும், போட்டியாளர் அதிகம் கொடுக்கட்டும் என்று. நெருப்பில்லாமல் புகையாது என்பது இங்கே பாதி உண்மை. புகைக்காகவே சிலர் சருகை எரிப்பார்கள்.

வாய்ச்சொல்லை விட நடப்பைப் பார்ப்பது நல்லது. 2023 பிப்ரவரியில் அரிசோனா அணி ஜேக்கப் சிக்ரனை, நன்றாக ஆடும் நிலையில் இருந்தும், ‘டிரேடு தொடர்பான காரணங்களுக்காக’ என்று வெளிப்படையாகவே சொல்லி உட்கார வைத்தது. விற்கப்போகும் வண்டியில் கீறல் விழக் கூடாதே. மூன்று வாரத்துக்குள் ஆட்டவாவுக்குப் போனார்.

ரசிகர்கள் தாங்களே போடும் கற்பனை டிரேடுகளில் ஒரு நோய் உண்டு. நமக்கு வேண்டாத நாலு பேரைக் கொடுத்து அவர்களுடைய சூரியனை வாங்குவது. நாலு நாலணா சேர்ந்தால் ஒரு ரூபாய் என்ற கணக்கு. ஆறு பேர் மட்டுமே இறங்கும் ஆட்டத்தில் அது செல்லாது. நாலு சுமாரானவர்கள் ஒரே நேரத்தில் ஒருவர் இடத்தில் நிற்க முடியாதே. 2005 நவம்பர் 30 அன்று பாஸ்டன், ஜோ தார்ன்டனைக் கொடுத்து மூன்று பேரை வாங்கியது. அந்தப் பருவ முடிவில் தார்ன்டன் லீக்கிலேயே அதிகப் புள்ளி எடுத்து, மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதும் வாங்கினார், சான் ஹோசே சட்டையில்.

மறுபக்கமும் உண்டு. 1991இல் கியூபெக் நார்டீக் தேர்ந்தெடுத்த எரிக் லின்ட்ரோஸ் அங்கே ஆடவே மாட்டேன் என்றார். ஓராண்டு இழுபறிக்குப் பிறகு, நார்டீக் அவரை ஒரே நேரத்தில் ஃபிலடெல்ஃபியா, நியூயார்க் ரேஞ்சர்ஸ் என்று இரண்டு அணிகளுக்கு விற்றுவிட்டது! நடுவர் ஒருவரை வைத்து 1992 ஜூன் 30 அன்று ஃபிலடெல்ஃபியாவுக்குத் தீர்ப்பானது. பதிலுக்கு வந்த ஆட்டக்காரர் கூட்டத்தில் பீட்டர் ஃபோர்ஸ்பெர்க் என்ற ஸ்வீடன் இளைஞரும் இருந்தார். அணி 1995இல் கொலராடோவுக்கு இடம்பெயர்ந்து 1996இல் கோப்பையை வென்றது. லின்ட்ரோஸ் கடைசி வரை கோப்பை வெல்லவில்லை. ஆக நாலணாக்கள் வேலைக்கு ஆவதும் உண்டு, அதில் ஒன்று தங்கக் காசாக இருந்தால்.

நடக்காமல் போன டிரேடுகளைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. 1995இல் டெட்ராய்ட், தன் தலைவர் ஸ்டீவ் ஐசர்மனை ஆட்டவாவுக்குக் கொடுக்கப் போகிறது என்று பலமான பேச்சு. ஆட்டவாப் பக்கம் வளர்ந்தவர் அவர்; கதை பொருந்தியது. பருவத்தின் முதல் உள்ளூர் ஆட்டத்தில் அறிமுகம் செய்தபோது கூட்டம் எழுந்து நின்று ஐசர்மனுக்குக் கைதட்டியது. பயிற்சியாளர் ஸ்காட்டி போமனைக் கூச்சலிட்டு இகழ்ந்தது. டிரேடு நடக்கவில்லை. 1997, 1998, 2002 என மூன்று கோப்பைகளை அதே தலைவர், அதே பயிற்சியாளரோடு அதே ஊருக்கு வாங்கிக் கொடுத்தார்.

இப்போது பஞ்சாங்கம் விரிந்திருப்பது மறுபடி எட்மண்டனில். இன்றைய தலைமுறையின் மிகப் பெரிய ஆட்டக்காரர் கானர் மெக்டேவிட், 2025 அக்டோபரில் தன் ஒப்பந்தத்தைப் புதுப்பித்தார். எட்டு ஆண்டு வாங்கியிருக்கலாம், சம்பளத்தையும் ஏற்றியிருக்கலாம். இரண்டே ஆண்டு, பழைய சம்பளமான 1.25 கோடியே போதும் என்றார். அதற்குச் சில நாள் முன்புதான் மினசோட்டாவின் கிரில் கப்ரிசோவுக்கு ஆண்டுக்கு 1.7 கோடி என்று எழுதப்பட்டிருந்தது. ஊர் பெருமூச்சு விட்டது: மிச்சக் காசில் நல்ல அணி கட்டலாம். அதே மூச்சில் விரல் விட்டு எண்ணத் தொடங்கியது. ஒப்பந்தம் முடிவது 2028 கோடையில். அடுத்த கையெழுத்துக்கு அனுமதி உள்ள முதல் நாள் 2027 ஜூலை 1. அன்று அவர் பேனாவை எடுக்காவிட்டால், கேல்கரி கௌட்ரோவை வைத்துக்கொண்டது போல வைத்துக்கொள்வதா, வான்கூவர் ஹியூஸைக் கொடுத்தது போலக் கொடுப்பதா என்று முடிவெடுக்க எட்மண்டனுக்கு இருப்பது ஒரே ஒரு பருவம்.